எங்கட வீட்டு மாரியோ ஏன் மெதுவா ஓடினான்?

மாமி குவைத்தில வேலைக்கு நிண்டு முதல் லீவில ஆரையம்பதிக்கு வரக்குள்ள, பால்மா பேணி, தைலம், போர்வையோட ஒரு ரீவி கேமும் கொண்டு வந்தா. 1983இல ஜப்பானில வந்த நின்டெண்டோ ஃபமிகொம் எண்ட கேம் மெஷினைப் பார்த்துச் செய்த நகல் அது எண்டு மறுகாதான் தெரியும். கெசட்டில 9999 கேம் எண்டு அடிச்சிருக்கும். உண்மையில கொஞ்ச கேம்தான், மாரியோ எண்ட ஆள் ஓடிப் பாயுற அதே கேம் வேற வேற பேரில திரும்பத் திரும்ப வரும்.

நான் பெரிய ஆட்டக்காரன் இல்ல. பின்னேரம் கரண்ட் இருந்தா, அப்பா செய்தி பார்க்க வாற மட்டும் விளையாடுறதுதான். ஆனா அந்தப் பாட்டும், மாரியோ பாய்ஞ்சு கீழ வாற நேரமும் கையில பதிஞ்சு கிடக்கு.

கனகாலத்துக்குப் பிறகு மகனுக்குக் காட்டவேணும் எண்டு லெப்டொப்பில எமுலேட்டர், அதாவது பழைய கேம் மெஷினைப் போல வேலை செய்யுற மென்பொருள், போட்டன். பாட்டு தொடங்கக்குள்ளயே ஏதோ பிழை மாதிரி இருந்திச்சு. ஆரோ துரத்துற மாதிரி ஓடுது. "சரியாத்தானே அப்பா ஓடுது" எண்டான் மகன்.

தேடிப் பார்த்தாப் பிறகு விளங்கினது. ஜப்பான், அமெரிக்கா ரீவி செக்கனுக்கு 60 தரம் படம் கீறும். இலங்கையும் குவைத்தும் பால் (PAL) எண்ட ரீவி முறை, 50 தரம். அந்தக் காலக் கேம் பெரும்பாலும் மணிக்கூட்டைப் பார்க்காது, படம் ஒவ்வொரு தரம் கீறுபடக்குள்ளதான் ஒரு அடி நகரும். அப்ப 60க்கு எழுதினதை 50இல ஓட்டினா வேகத்தில ஆறில ஒரு பங்கு குறையும், பாட்டும் இழுபடும். நகல் கெசட்டில ஆர் அதைத் திருத்துற?

எனக்கு இது சின்ன விஷயமாத் தெரியேல்ல. ஜப்பானில ஒரு பிள்ளை விளையாடின மாரியோவும் ஆரையம்பதியில நாங்க விளையாடின மாரியோவும் ஒண்டில்ல. எங்கட கை பழகினது எங்கடதுக்குத்தான். உங்கட வீடுகளில எப்படி?

அக்கரைப்பற்றில இருந்து:

கம்பியூட்டர்லயும் இதே கதைதான் தம்பி. எங்கட சாச்சா கல்முனையில கம்பியூட்டர் வகுப்பு நடத்தினவர். அங்க கிடந்த 386 எண்ட பழைய கம்பியூட்டர் பெட்டியில டர்போ எண்டு ஒரு பட்டன். வேகம் கூட்டத்தான் அது எண்டு புள்ளைகள் எல்லாம் அமத்துவாங்க. ஆனா அதுர வேலை வேகத்தைக் குறைக்கிறது. 1981இல வந்த ஐபிஎம் பீசிட புரொசசர் 4.77 மெகாஹெர்ட்ஸ். அந்தக் கணக்கில எழுதின சில டொஸ் (விண்டோஸுக்கு முந்தின முறை) கேமை வேகமான மெஷின்ல போட்டா விளையாடவே ஏலாது, என்ன நடந்த எண்டு தெரிய முதல் செத்துப் போயிடுவோம். டர்போவ நிப்பாட்டினா மெஷின் மெதுவாகும், அப்பத்தான் சரிவரும். இப்ப டொஸ் கேமுக்கான எமுலேட்டர் டொஸ்பொக்ஸில கொன்ட்ரோலோட எஃப்11 அமத்தினா வேகம் குறையும், எஃப்12 கூட்டும். அந்தப் பெட்டியெல்லாம் 2004 சுனாமியில போயிட்டு.

கல்லடியில இருந்து:

வாத்துச் சுடுற கேமுக்கு வந்த துவக்கு இன்னும் எங்கட அலுமாரிக்க இருக்கு. புது எல்ஈடி ரீவியில ஒரு வாத்தும் விழேல்ல. துவக்கை அமத்தின உடன திரை கறுத்து, வாத்து நிண்ட இடத்தில வெள்ளைக் கட்டம் ஒண்டு வந்து போகும். அந்த வெளிச்சத்தைத்தான் துவக்கு பிடிக்கும். தட்டை ரீவி படத்தைக் கொஞ்சம் பிந்திக் காட்டுது, அதுக்குள்ள துவக்கு பார்த்து முடிஞ்சிடும். பழைய பெட்டி ரீவி எறியப்போறாக்கள் இருந்தா எறியாம எனக்குச் சொல்லுங்க, நானே வந்து தூக்குறன்.

ஆரையம்பதியில இருந்து:

அக்கரைப்பற்றுக் காக்கா, டர்போ விஷயம் எனக்கு இண்டைக்குத்தான் தெரியும். எங்கட வேகத்தில விளையாட விரும்புறாக்கள் எஃப்சிஈயுஎக்ஸ் (FCEUX) எமுலேட்டரில ரீஜன் எண்ட இடத்துக்குப் போங்க. டெண்டி எண்டு ஒண்டு இருக்கும், 1990களில ரஷ்யாவில வித்த நகல் மெஷின்ட பேர் அது. அதைப் போட்டா 50இல ஓடும். மகனுக்கு ரெண்டையும் போட்டுக் காட்டினன். அவனுக்கு வேகமா ஓடுறதுதான் பிடிச்சிருக்கு.