தொக்கு போட சதைப்பத்தான தக்காளி, விதையிலேர்ந்து வளர்க்கணும், எப்போ ஆரம்பிக்கிறது?

தொக்குபிரியன்:
வணக்கம் மக்களே. நாங்க இருக்கிறது நியூ ஜெர்சி, எடிசன் பக்கம், பின்னாடி ரெண்டு ரெய்ஸ்டு பெட் (பலகை அடிச்சு மண்ணை உசத்திப் போட்ட பாத்தி) இருக்கு. கடைத் தக்காளில தொக்கு போட்டா தண்ணி வத்துறதுக்குள்ள கேஸ் தீர்ந்துடும் போல, அதனால சதை ஜாஸ்தி தண்ணி கம்மியா இருக்கிற பேஸ்ட் தக்காளி, அதுலயும் நாமளே விதை எடுத்து வச்சுக்கிற மாதிரி பழைய ரகமா போடலாம்னு சான் மர்சானோவும் ஆமிஷ் பேஸ்ட்டும் வாங்கிட்டேன். பிப்ரவரிலயே கை அரிக்குது, இப்பவே போட்டுடலாமா? இன்னொண்ணு, போன வருஷம் நாத்தா வாங்கி வச்ச ரோமா ரகப் பேஸ்ட் தக்காளில முதல் காய்ங்க எல்லாம் அடியில கறுத்து அமுங்கிப் போச்சு. முட்டை ஓடு போடுன்னு ஒருத்தர், கால்சியம் மாத்திரைய குழில போடுன்னு இன்னொருத்தர். எதைக் கேக்குறது?

கத்தரிக்கொல்லை:
பிப்ரவரில வேண்டாம் ப்ரோ. இங்க ஏப்ரல் கடைசி வரைக்கும் ஃப்ராஸ்ட் (உறைபனி) பயம் இருக்கு, நாத்து வெளிய போறது மே நடுவுலதான், அங்கேர்ந்து 6-8 வாரம் பின்னாடி எண்ணுனா மார்ச் கடைசி வாரம் சரியா வரும். முன்னாடியே போட்டா ஜன்னலோரம் வெளிச்சம் பத்தாம கொடி மாதிரி நீண்டு சாஞ்சுடும்.

முளைக்கிற வரைக்கும் சூடுதான் முக்கியம், மண்ணு 24-27 டிகிரி செல்சியஸ்ல இருந்தா ஒரு வாரத்துல தலை காட்டிடும், கால் இஞ்ச் ஆழம் போதும். தலை காட்டின அன்னைக்கே லைட்டுக்கு கீழ வச்சிடுங்க, தினம் 14-16 மணி நேரம். தட்டுக்கு அடியில தண்ணி விட்டு உறிஞ்ச விடுங்க, மேல சொதசொதன்னு இருந்தா தண்டு மண்ணை ஒட்டின இடத்துல நூலா மெலிஞ்சு பொத்துன்னு விழும், அதுக்கப்புறம் காப்பாத்த முடியாது. வெளிய வைக்கறதுக்கு முன்னாடி ஒரு வாரம் பத்து நாள் கொஞ்சம் கொஞ்சமா வெயில் காட்டணும். நடும்போது கீழ் இலையக் கிள்ளிட்டு தண்டையும் சேர்த்து ஆழமா புதைங்க, புதைஞ்ச தண்டுலயும் வேர் விடும்.

ஒண்ணு சொல்லிடறேன், சான் மர்சானோ இலை எப்பவுமே வாடின மாதிரி தொங்கிட்டுதான் நிக்கும், அது சுபாவம். பாவம்னு தண்ணி ஊத்தி கொன்னுடாதீங்க.

மூடாக்கு_அக்கா:
தம்பி, அடி கறுக்கிறது நோயே இல்ல. காய் நுனிக்கு கால்சியம் போய்ச் சேரல, அவ்வளவுதான். மண்ணுல பெரும்பாலும் இருக்கும், ஆனா அது தண்ணியோடதான் மேல ஏறும், நாலு நாள் காயப்போட்டு அஞ்சாம் நாள் வெள்ளமா விட்டா இலைக்குப் போறது போயிடும், காய்க்கு வராது. நீளக் காய் ரகங்களுக்கு இது கூடவே பிறந்த தொல்லை. வாரத்துக்கு ஒரு இஞ்ச் ஒன்றரை இஞ்ச் தண்ணி சீரா குடுங்க, வைக்கோல் மூடாக்கு போடுங்க, யூரியா மாதிரி நைட்ரஜன் உரத்தை அள்ளிக் கொட்டாதீங்க. முட்டை ஓடு மக்கவே வருஷக்கணக்கு ஆகும், மாத்திரைய விட்டுடுங்க. சந்தேகம்னா ரட்கர்ஸ் யூனிவர்சிட்டி லேப்புக்கு மண்ணு அனுப்புங்க, பிஹெச் (மண்ணோட அமில-கார அளவு) 6.2லேர்ந்து 6.8க்குள்ள இருந்தா கவலையே வேண்டாம்.

நெல்லைக்காரன்:
அக்கா சொன்னது கரெக்ட். கூடவே பக்கக் கிளை எல்லாத்தையும் ஒடிச்சு ஒத்தத் தண்டா விடுங்க, காய் பெருசா வரும்.

மூடாக்கு_அக்கா:
எல்லாத்தையுமா? ஜூலை வெயில்ல நிழல் இல்லாம காய் வெளுத்து வெந்து போயிடும் தம்பி. முதல் பூங்கொத்துக்குக் கீழ வர்றத மட்டும் எடுத்தா போதும், ஆமிஷ் பேஸ்ட்டும் சான் மர்சானோவும் பனி வர்ற வரைக்கும் வளர்ந்துகிட்டே போற ரகம், நல்ல உயரமா குச்சி கட்டணும். ரோமா அப்படி இல்ல, ஒரு உயரத்தோட நின்னுடும், அதுல கிள்ளுனா காய்தான் குறையும்.

நெல்லைக்காரன்:
சரி அக்கா, ரெண்டு தண்டா விட்டுப் பாக்கலாம்.

விதைக்கு வர்றேன். தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்துலயே காய்க்கும், ஆனாலும் ரெண்டு ரகம் பக்கத்துல இருந்தா தேனீ கலந்துவிட வாய்ப்பு இருக்கு, அதனால பூ விரியறதுக்கு முன்னாடியே ஒரு கொத்துக்கு ஆர்கன்சா பை (மெல்லிசு வலைத்துணிப் பை) மாட்டிடுங்க, காய் பிடிச்சதும் பைய எடுத்துட்டு அந்தக் காம்புல ஒரு கலர் நூல் கட்டுங்க. நல்லா பழுத்ததும் விதைய வழவழப்போட ஒரு டம்ளர்ல பிழிஞ்சு விட்டு ரெண்டு மூணு நாள் மூலையில வைங்க, மேல வெள்ளையா ஆடை படியும், நாத்தம் வீட்டம்மா வெளிய துரத்துற அளவுக்கு இருக்கும், அப்போ தண்ணி விட்டு அலசுனா நல்ல விதை அடியில தங்கிடும். பீங்கான் தட்டுல காயவைங்க, டிஷ்யூல வச்சா ஒட்டிக்கிட்டு வராது. பேஸ்ட் தக்காளில விதையே கம்மி, அதனால நாலஞ்சு பழமாவது ஒதுக்குங்க.

டின்ல வர்ற இத்தாலி சான் மர்சானோ ருசிய எதிர்பார்க்காதீங்க, அது நேப்பிள்ஸ் பக்கம் எரிமலை மண்ணுல விளையறது. தொக்குக்கு நம்மளுதே ஜம்முனு இருக்கும். ரசத்துக்கு மட்டும் ஆகாது, புளிப்பு பத்தாது.

தொக்குபிரியன்:
நன்றி அக்கா, நன்றி ப்ரோஸ். ஆர்கன்சா பை நவராத்திரி ரிட்டர்ன் கிஃப்ட்ல வந்தது டிராயர் நிறைய கிடக்கு. ரசத்துக்கு எந்த ரகம் போடலாம், அதையும் சொல்லிடுங்களேன், ஒரு ஓரத்துல இடம் இருக்கு.