திறந்தவெளி விருந்துக்குக் காய்கறி சாலட்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

முதல் பதிவு

சென்ற ஞாயிற்றுக்கிழமை நான்கு நண்பர் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து, திறந்தவெளியில் கரியடுப்பு மூட்டிச் சுட்டுச் சாப்பிடும் விருந்து ஒன்றுக்கு ஏற்பாடு செய்திருந்தோம். அடுப்பு வேலையை மற்றவர்கள் ஏற்றுக்கொண்டதால், பதினெட்டுப் பேருக்குக் காய்கறி சாலட் செய்து கொண்டுவரும் பொறுப்பு என் பங்குக்கு வந்தது. நறுக்கிக் கலப்பதில் என்ன சிரமம் இருந்துவிடப் போகிறது என்ற அலட்சியத்தில், முந்தைய நாள் இரவே 2 கிலோ வெள்ளரிக்காய், ஒன்றரைக் கிலோ தக்காளி, நான்கு குடைமிளகாய், மூன்று பெரிய வெங்காயம் ஆகியவற்றை நறுக்கி, உப்பு, எலுமிச்சைச் சாறு, எண்ணெய், புதினா எல்லாவற்றையும் சேர்த்துக் கிளறி, மூடி போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டேன். ஊறினால் சுவை கூடும் என்பது என் கணக்கு.

மறுநாள் நண்பகலில் மூடியைத் திறந்தபோது காய்கள் தம் நீரிலேயே மிதந்துகொண்டிருந்தன. சாய்த்து வடித்ததில் இரண்டு பெரிய குவளை நிறைய நீர் வந்தது. அந்த நீரோடு உப்பும் புளிப்பும் போய்விட்டதால் மறுபடியும் உப்புச் சேர்த்தேன். கால் மணி நேரத்தில் மறுபடியும் நீர் கோத்துக்கொண்டது. புதினா கறுத்துப் போயிருந்தது. வெள்ளரி, தக்காளி எதை வாயில் வைத்தாலும் வெங்காயத்தின் காரமே முன்னால் வந்து நின்றது. வந்திருந்தவர்கள் மரியாதைக்காக ஆளுக்கு ஒரு கரண்டி எடுத்துக்கொண்டார்கள். ஒரு சிறுவன் மட்டும், "இது சூப்பா?" என்று என்னிடமே கேட்டான்.

அடுத்த மாதம் இதே குழு மறுபடியும் கூடுகிறது. பொறுப்பும் மறுபடியும் என்னுடையதுதான். வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்துப் பரிமாற வேண்டிய சாலட்டை நீங்கள் எப்படிக் கையாளுகிறீர்கள் என்பதை, நிகழ்ந்தது நிகழ்ந்தபடி எழுதினால் எனக்குப் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1

இரவே உப்புப் போட்டதுதான் தவறு. நானும் ஒரு முறை அப்படிச் செய்து, வடித்த நீரை எலுமிச்சைச் சாறென்று சொல்லி ஒருவருக்குக் குடிக்கக் கொடுத்திருக்கிறேன். அவர் இன்றும் அதை நினைவுபடுத்துகிறார்.

மறுமொழி 2

மேலே உள்ளவர் சொன்னது சரியே என்றாலும், உப்பைப் பகையாகக் கருத வேண்டியதில்லை என்பதை நான் பல முறை கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். வெள்ளரியின் எடையில் ஏறத்தாழ 95 சதவீதம் நீர். தக்காளியும் அதற்கு ஓரிரு சதவீதமே குறைவு. நறுக்கிய துண்டின் வெளிப்பரப்பில் உப்புக் கரைந்ததும், அங்குள்ள அடர்ந்த உப்புநீர் துண்டின் உள்ளே இருக்கும் நீரைத் தன்னை நோக்கி இழுக்கிறது. சவ்வூடு பரவல் என்று பள்ளியில் படித்தது இதுதான். எப்படியும் வெளியேறப் போகிற நீரை, அது பரிமாறும் பாத்திரத்தில் வெளியேறுவதற்கு முன்பாக, நம் சமையலறையிலேயே வெளியேற்றிவிடுவது நல்லது.

நான் செய்வது இதுதான். அரைக் கிலோ வெள்ளரித் துண்டுகளுக்கு அரைத் தேக்கரண்டி உப்பைத் தூவி, வடிதட்டில் 20 முதல் 30 நிமிடம் வரை வைத்து, நீர் வடிந்ததும் சுத்தமான துணியில் பரப்பி ஒற்றி எடுப்பேன். இப்படிச் செய்த வெள்ளரி துவண்டுபோகும் என்று பலர் அஞ்சுகிறார்கள். சற்று வளையும் தன்மை வருவது உண்மை, ஆனால் கடிக்கும்போது முறுமுறுப்பு இருக்கவே செய்யும். டிரெஸ்ஸிங்கில், அதாவது சாலட்டில் கலக்கும் எண்ணெய், புளிப்புக் கலவையில், பிறகு உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதை மறந்து, ஒரு முறை வாயில் வைக்க முடியாத சாலட்டையும் செய்திருக்கிறேன்.

தக்காளிக்கும் இதையேதான் செய்கிறேன், ஆனால் அதன் நீரைக் கொட்டுவதில்லை. தக்காளியின் சுவையில் பெரும்பகுதி விதையைச் சுற்றியுள்ள கூழில் இருப்பதால், கீழே ஒரு கிண்ணம் வைத்து அந்தச் சாற்றைப் பிடித்து, எண்ணெயோடும் எலுமிச்சையோடும் சேர்த்து அடித்து டிரெஸ்ஸிங் ஆக்கிவிடுகிறேன். நீர் வரும் என்று விதையை வழித்து எறிவோர் நல்ல பாகத்தை எறிந்துவிட்டுச் சக்கையைப் பரிமாறுகிறார்கள் என்பது என் கருத்து. இதில் எவரோடும் வாதாட நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

மறுமொழி 3

வாதாட வரவில்லை, ஆனால் அந்தத் தக்காளியை நறுக்கும்வரை குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியே வையுங்கள் என்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். முழுத் தக்காளி 12 டிகிரி செல்சியசுக்குக் கீழே சில நாள் கிடந்தால் அதன் மணம் மங்கிவிடுகிறது. நறுக்கிய பிறகு நிலைமை வேறு. அப்போது அது குளிரில்தான் இருக்க வேண்டும்.

மறுமொழி 4

பெரிய விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், முதல் பதிவை எழுதியவருக்குச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் அளவில் பிழை இல்லை, அம்மா. சுட்ட உணவோடு துணையாக வைக்கும் சாலட்டுக்கு ஒருவருக்கு 150 முதல் 200 கிராம் வரை போதும்; நீங்கள் ஏறத்தாழ அந்த அளவில் சற்றுத் தாராளமாகவே செய்திருக்கிறீர்கள். எங்களிடம் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு நான் முதலில் சொல்வது, சாலட்டை வீட்டில் செய்யாதீர்கள், விருந்து நடக்கும் இடத்தில் செய்யுங்கள் என்பதுதான். வீட்டில் நடப்பது நறுக்கலும் வடித்தலும் மட்டுமே. வெள்ளரி ஒரு டப்பாவில், தக்காளி ஒரு டப்பாவில், குடைமிளகாயும் சோளமும் ஒன்றில், கழுவி நன்றாக உலர்த்திய இலைகள் ஈரத்தை உறிஞ்சும் துணியோடு ஒன்றில், டிரெஸ்ஸிங் இறுக மூடிய புட்டியில் என்று தனித்தனியே போய்ச் சேர வேண்டும். பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்னால், காய்களின் அளவைப்போல இரு மடங்கு கொள்ளும் பாத்திரத்தில் போட்டுப் புரட்டினால், துண்டுகள் நசுங்காமல் கலக்கும். சிறிய பாத்திரத்தில் கிளறுவது கலப்பதாகாது, குத்துவதாகும்.

இலைகளைப் பற்றி ஒரு நிகழ்ச்சி. ஒரு முறை உதவியாளர் ஒருவர், எலுமிச்சைதானே இலையை வாட்டும் என்று எண்ணி, சாற்றை நிறுத்திவைத்துவிட்டு எண்ணெயை மட்டும் லெட்டூஸ் இலைகளில் ஒரு மணி நேரம் முன்னரே தடவி வைத்துவிட்டார். பரிமாறும் நேரத்தில் இலைகள் நனைந்த காகிதம்போல் ஒட்டிக்கிடந்தன. இலையின் மேல் உள்ள மெழுகுப் படலம் நீர்த்தன்மையுள்ள சாற்றை ஓரளவு விலக்கி நிறுத்தும். எண்ணெயோ அந்தப் படலத்தின் வழியே உள்ளே இறங்கி இலையைக் கருக்கிவிடும். ஆகவே, விரைவில் வாட்டுவது புளிப்பைவிட எண்ணெயே. அன்று முதல் இலைக்கு எண்ணெய் காட்டும் வேலையைக் கடைசி ஐந்து நிமிடத்துக்கு ஒதுக்கிவிட்டோம்.

டிரெஸ்ஸிங்குக்கு மூன்று பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு புளிப்பு என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அது இலைகளுக்குப் பொருந்தும். வெள்ளரியும் தக்காளியும் தம் நீரால் எதையும் நீர்க்கச் செய்பவை என்பதால், இவற்றுக்கு இரண்டு பங்குக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தேக்கரண்டி கடுகு விழுதைச் சேர்த்துப் புட்டியைக் குலுக்கினால் எண்ணெயும் சாறும் சிறிது நேரம் பிரியாமல் நிற்கும்.

இன்னொன்று: அருகிலேயே தணல் இருக்கும்போது எல்லாவற்றையும் பச்சையாகவே போட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சோளக்கதிரின் உறையை நீக்கி, தணலின் மேல் அடிக்கடி திருப்பி, பத்து நிமிடம் சுட்டு, முத்துகளைச் சீவி, ஆறிய பிறகு சேர்த்துப் பாருங்கள். குடைமிளகாயைத் தோல் கருகும்வரை சுட்டு, மூடிய பாத்திரத்தில் சற்று நேரம் வைத்தால் தோல் கையோடு வரும். விருந்தினர் எந்தப் பாத்திரத்தை முதலில் காலி செய்கிறார்கள் என்று கவனித்திருக்கிறேன். புகை மணம் ஏறிய சோளம் இருக்கும் பாத்திரம்தான். ஆறவிடாமல் சேர்த்தால் மட்டும் வெள்ளரி வெந்த காயின் தன்மைக்கு வந்துவிடும்.

மறுமொழி 5

சுவையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும்போது இதைச் சொல்வதற்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் கலந்துகொண்ட ஒரு விருந்தில், அடுப்பைக் கவனித்துக்கொண்டிருந்தவர் பச்சை இறைச்சியைத் தணலில் இட்ட அதே இடுக்கியால், சுட்ட சோளக்கதிர்களை எடுத்துச் சாலட் பாத்திரத்தின் மேல் அடுக்கினார். நான் பார்த்தேன், விருந்தளித்தவரின் மனம் நோகுமே என்று வாயைத் திறக்கவில்லை. அன்றிரவே என் மகளுக்கும் இன்னும் இருவருக்கும் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் கண்டன. காரணம் அந்த இடுக்கிதான் என்று நான் நிறுவ முடியாது. ஆனால் சாலட்டைப் பொறுத்தவரை, பச்சையாக உண்ணும் காயின் மேல் விழும் கிருமியைக் கொல்ல அதற்குப் பிறகு எந்தச் சூடும் வரப்போவதில்லை என்பதை அன்றிலிருந்து மறந்ததில்லை. இப்போது எங்கள் வீட்டில் சாலட்டுக்கென்று தனிப் பலகை, தனிக் கத்தி, தனி இடுக்கி; மூன்றின் பிடியிலும் பச்சை நாடா கட்டியிருக்கிறேன்.

நேரக் கணக்கையும் எழுதிவிடுகிறேன். ஏறத்தாழ 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியசுக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் விரைவாகப் பெருகும் என்பதால், நறுக்கிக் கலந்த சாலட்டைக் குளிருக்கு வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டிய நாளில் 1 மணி நேரம்தான். ஆகவே முதல் பதிவில் கேட்டதுபோல் இரண்டு மூன்று மணி நேரம் வைத்துப் பரிமாறுவதாக இருந்தால், அகலமான தட்டில் பனிக்கட்டியைப் பரப்பி அதன்மேல் பாத்திரத்தை அமர்த்துங்கள். அல்லது சிறிது சிறிதாகக் கலந்து, மிச்சத்தை ஐஸ் பெட்டியிலேயே வைத்திருங்கள். நான் இரண்டாவதையே விரும்புகிறேன், ஏனென்றால் பனிக்கட்டி உருகிய நீரில் பாத்திரம் மிதந்து கவிழ்ந்த காட்சியையும் கண்டிருக்கிறேன்.

மயோனைஸ் சேர்த்தால்தான் கெட்டுப்போகும், எலுமிச்சை சேர்த்தால் கெடாது என்று அந்த விருந்தில் ஒருவர் எனக்கு விளக்கம் சொன்னார். கடையில் விற்கும் மயோனைஸ் புளிப்பு மிக்கது. அதிலேயே கிருமி எளிதில் வளராது. அதோடு சேரும் வெந்த உருளைக்கிழங்கும் கோழித்துண்டும் வெயிலில் கிடப்பதுதான் பெரும்பாலும் ஆபத்து. பழியை மட்டும் மயோனைஸ் சுமக்கிறது.

மறுமொழி 6

வெள்ளரியையும், பார்க்க அதைப்போலவே இருக்கும் பூசணி வகையான சுக்கினியையும் நறுக்கும்போது ஒவ்வொரு காயிலும் ஒரு சிறு துண்டை வாயிலிட்டுப் பாருங்கள். ஒரு கசப்புக் காய் என் முழுப் பாத்திரத்தையும் குப்பைக்கு அனுப்பியது. கசப்புக்குக் காரணம் குக்கர்பிட்டாசின் என்ற பொருள். வெள்ளரியில் அது பெரும்பாலும் காம்புப் பக்கத்திலும் தோலை ஒட்டியும் இருப்பதால், அந்த முனையைத் தாராளமாக வெட்டித் தள்ளினால் பல நேரங்களில் தப்பிவிடலாம். சுக்கினி கடுமையாகக் கசந்தால் அப்படிச் சமாளிக்க முயலாமல் எறிந்துவிட வேண்டும், ஏனென்றால் அந்த அளவில் அது வயிற்றை மோசமாகக் கெடுக்கும். தோல் சீவப்போகிறோமே என்று கழுவாமல் விடுவதும் கூடாது. தோலில் உள்ள அழுக்கைக் கத்தியே உள்ளே கொண்டுபோகும்.

மறுமொழி 7

பீன்ஸ் சேர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று நிமிடம் கொதிநீரில் போட்டு, உடனே பனிநீருக்கு மாற்றி, கண்ணைப் பறிக்கும் பச்சையில் கொண்டுபோனேன். எலுமிச்சைச் சாற்றில் அரை மணி நேரம் நின்றதும் காக்கி நிறத்துக்கு மாறிவிட்டது. புளிப்புப் பட்டால் பச்சையத்தின் நடுவில் இருக்கும் மக்னீசியம் விலகி நிறம் மங்கிவிடும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். சுவை மாறவில்லை, ஆனால் எவரும் தொடவில்லை.

முதல் பதிவை எழுதியவரின் மறுமொழி

விருந்து நேற்று முடிந்தது. எழுதுவதாகச் சொன்ன கடமையை நிறைவேற்றுகிறேன். வெள்ளரியையும் தக்காளியையும் காலையில் உப்பிட்டு வடித்தேன், தக்காளிச் சாற்றைக் கொட்டவில்லை. வெங்காயத்தை மெல்லிய வளையங்களாக அரிந்து, பத்து நிமிடம் குளிர்ந்த நீரில் போட்டுப் பிழிந்ததில் அதன் முரட்டுக் காரம் நீங்கிவிட்டது. சமையற்கலைஞர் ஐயா சொன்னபடி ஐந்து டப்பாக்களும் ஒரு புட்டியும் ஐஸ் பெட்டியில் வந்து சேர்ந்தன. சோளத்தைத் தணலில் சுட நினைத்தபோது, இடுக்கிக்கு நாடா கட்டிய சகோதரியை நினைத்து, வீட்டிலிருந்து கொண்டுபோன இடுக்கியைக் கையிலேயே வைத்துக்கொண்டேன். அதைக் கேட்ட இரண்டு பேருக்கும் தர மறுத்ததில் ஒருவருக்கு என்மேல் சிறு வருத்தம்.

பாதியை முதலில் கலந்து வைத்தேன், அது இருபது நிமிடத்தில் தீர்ந்தது. மீதிப் பாதியைக் கலக்கப் போகும்போதுதான் புதினாவை வீட்டுச் சமையலறை மேடையிலேயே விட்டுவந்தது தெரிந்தது. பாத்திரத்தின் அடியில் தங்கிய நீர் இரண்டு கரண்டி அளவுதான் இருந்தது. அதையும் ஒருவர் ரொட்டித் துண்டால் தொட்டுத் தின்றுவிட்டார். வெங்காயத்தை ஊறவைத்த நீரைச் செடிக்கு ஊற்றலாமா என்பதை எவரேனும் சொன்னால் நன்று, ஏனென்றால் ஊற்றிவிட்டேன்.