‘சிங்க்ரனஸ்’, ‘அசிங்க்ரனஸ்’ கற்றல்: ஒரேநேரம், அவரவர்நேரம் – ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். உயர்கல்வியில் இணையவழிக் கற்றலுக்கான சொற்பட்டியலைத் தொகுத்துவரும் இந்த இழையில், ‘சிங்க்ரனஸ்’, ‘அசிங்க்ரனஸ்’ என்னும் இணைக்கு வந்த பரிந்துரைகளுள் மூன்று கூடுதல் ஆதரவைப் பெற்றுள்ளன. ஒத்திசைவுக் கற்றல், ஒத்திசைவற்ற கற்றல் என்பது ஒன்று. நேரலைக் கற்றல், பதிவுவழிக் கற்றல் என்பது மற்றொன்று. உடனிகழ் கற்றல், உடனிகழாக் கற்றல் என்பது மூன்றாவது. இம்மூன்றும் ஏன் போதவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது என்பதைச் சொல்லி, நான்காவதாக ஓர் இணையை முன்வைக்கிறேன்.

முதலில் கருத்தை வரையறுத்துக்கொள்வோம். ஒரு கற்றல் செயலில் ஆசிரியரும் மாணவரும் ஒரே வேளையில் பங்கேற்றாக வேண்டுமா (சிங்க்ரனஸ்), வேண்டாமா (அசிங்க்ரனஸ்) என்பது மட்டுமே இந்த இணை உணர்த்தும் செய்தி. காணொளி உண்டா, வேகத்தை யார் தீர்மானிக்கிறார், மாணவர் தனியே படிக்கிறாரா குழுவாகப் படிக்கிறாரா என்பவையெல்லாம் வேறு கேள்விகள். அவற்றுக்கு வேறு சொற்கள் வேண்டும். நம் பரிந்துரைகள் பலவும் இந்த எல்லையைத் தாண்டிப் பக்கத்துக் கருத்துகளையும் அள்ளிக்கொண்டு வருவதால்தான் விவாதம் நீள்கிறது.

2017 ஜூலையில் தொடங்கப்பட்ட, இந்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பாடங்கள் காணொளி, மின்னுரை, தன்மதிப்பீடு, கலந்துரையாடல் மன்றம் என்னும் நான்கு கூறுகளால் ஆனவை. இந்நான்கில் எதற்கும் ஆசிரியரும் மாணவரும் ஒரே வேளையில் கூட வேண்டிய தேவை இல்லை. ஆனால் பாடத்துக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. ஐஐடிகள் உள்ளிட்ட நிறுவனங்கள் ஸ்வயத்தின் வழியே வழங்கும் என்பிடெல் பாடங்களில் வாரந்தோறும் ஒப்படைப்பும் அதற்கொரு கடைசி நாளும் உண்டு. 12 வாரப் பாடமானால் சிறந்த 8 ஒப்படைப்புகளின் சராசரிக்கு 25 விழுக்காடும், தேர்வு மையத்துக்கு நேரில் சென்று கண்காணிப்பின்கீழ் எழுதும் தேர்வுக்கு 75 விழுக்காடும் மதிப்பெண் தரப்படுகிறது. ஆக, ஒரே பாடத்துக்குள் அசிங்க்ரனஸான பகுதியும் இருக்கிறது, குறித்த நாளில் குறித்த மணிக்கு எல்லாரும் கூடி எழுதியாக வேண்டிய பகுதியும் இருக்கிறது. நாம் ஆக்கும் அடைமொழி பாடத்தின் தலையில் ஒட்டும் முத்திரையாக இல்லாமல், பாடத்தின் உள்ளே உள்ள ஒவ்வொரு செயலோடும் சேர்ந்து வரக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 2008-இல் கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சீமென்ஸும் ஸ்டீபன் டவுன்ஸும் நடத்திய பாடத்தைக் குறித்துத்தான் ‘மூக்’ (எவரும் சேரக்கூடிய பெருந்திரள் இணையவழிப் பாடம்) என்ற பெயர் முதலில் எழுந்தது. கட்டணம் செலுத்திய மாணவர் 25 பேர் மட்டுமே இருந்த அப்பாடத்தில், உலகெங்குமிருந்து ஏறத்தாழ 2,200 பேர் கட்டணமின்றிச் சேர்ந்துகொண்டனர். அதிலும் நேரடி இணைய அமர்வுகளும், அவரவர் வலைப்பதிவில் எழுதித் தொடர்ந்த உரையாடல்களும் கலந்தே இருந்தன.

இது வெறும் சொல்லழகுப் பிரச்சினை அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு பருவத்துக்குரிய பாடங்களில் 20 விழுக்காடு வரை ஸ்வயம் வழியே பயின்று மதிப்பலகு (கிரெடிட்) பெறலாம் என்று 2016-இல் இருந்த வரம்பைப் பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் 40 விழுக்காடாக உயர்த்தியது. அவ்வளவு பெரிய பங்கு இணையவழிக்கு நகரும்போது, வருகைப்பதிவு எதற்கு உண்டு, எதற்கு இல்லை, விடுபட்ட அமர்வை எவ்வாறு ஈடுசெய்வது என்பவற்றைக் கல்லூரிகள் தமிழிலும் எழுதி அறிவிக்க வேண்டியிருக்கிறது. பகலில் வேலைக்குச் சென்று இரவில் படிக்கும் மாணவர் அந்த அறிவிப்பைப் படித்த மாத்திரத்தில், தாம் எந்த மணிக்கு எங்கே இருந்தாக வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். என் அளவுகோல் அதுதான்.

இனிப் பரிந்துரைகள். ஒத்திசைவு என்னும் சொல் நம் கைப்பேசிகளில் ஏற்கெனவே தரவுகளைப் பொருத்திக்கொள்ளும் வேலைக்குப் பெயராகிவிட்டது. அதைவிடப் பெரிய குறை, ‘ஒத்திசைவற்ற கற்றல்’ என்றதும் அக்கற்றலில் ஏதோ இசைகேடு இருப்பதாகக் காதில் விழுகிறது என்பதே. இரண்டும் சமமான முறைகள். ஒன்றைப் பழுதுபட்டதாகக் காட்டும் பெயரை ஏற்கக் கூடாது. மின்பொறியியலில் ‘ஒத்தியங்கு’ என்னும் சொல் வழக்கில் இருக்கிறதே, ஏன் அதையே இங்கும் கொள்ளக் கூடாது என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். மின்னோடிக்கு அது மிகப் பொருத்தம். ஆனால் ஆங்கிலத்தின் ஒரு சொல்லுக்குத் துறைதோறும் தமிழில் வெவ்வேறு சொல் இருப்பது நமக்குப் புதிதன்று: ‘பவர்’ என்பது கணிதத்தில் அடுக்கு, இயற்பியலில் திறன், அரசியலில் அதிகாரம். மாணவர் மின்னோடி அல்லர் என்பதால் அவருக்கு வேறு சொல் இருப்பதே முறை.

நேரலை, மக்கள் நாவில் நன்கு படிந்த சொல். காணொளி வகுப்புக்கு அதைத் தாராளமாக ஆளலாம். ஆனால் எழுத்துவழி அரட்டையாக நடக்கும் ஐயம் தீர்க்கும் அமர்வும், தொலைபேசிக் கலந்தாய்வும் சிங்க்ரனஸ்தான். அவற்றை நேரலை என்றால் பொருந்தாது. மறுபுறம் ‘பதிவுவழி’ என்பது பதிவுசெய்த விரிவுரையை மட்டும் குறிப்பதால், கலந்துரையாடல் மன்றத்தில் திங்களன்று ஒருவர் கேட்டதற்குப் புதனன்று மற்றொருவர் விடையளிக்கும் உயிருள்ள பரிமாற்றம் விடுபட்டுப்போகிறது. அசிங்க்ரனஸ் கற்றல் என்றால் காணொளி பார்த்தல் என்னும் தவறான எண்ணம் ஏற்கெனவே பரவியிருக்கும்போது, கலைச்சொல்லே அதற்குத் துணைபோக வேண்டாம்.

உடனிகழ் என்பது என் மனத்துக்கு மிக நெருக்கமான பரிந்துரை. மூன்றாம் வேற்றுமையின் பொருள்களுள் ஒன்றாக நன்னூல் ‘உடனிகழ்வு’ என்பதைச் சொல்கிறது. ‘ஆசிரியரோடு மாணவர் வந்தார்’ என்பதில் உள்ள அந்த உடனுறவு சிங்க்ரனஸ் என்பதற்கு மிக அண்மையில் நிற்கிறது. இருந்தும் ஒரு தடை இருக்கிறது. இலங்கையில் ‘ஆன்லைன்’ என்பதற்கு ஆட்சிச்சொல் ‘நிகழ்நிலை’. 2024-இல் இயற்றப்பட்ட சட்டமே நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்றுதான் பெயர் பெற்றிருக்கிறது. அங்குள்ள ஆசிரியர் ‘உடனிகழா நிகழ்நிலைக் கற்றல்’ என்று எழுத நேர்ந்தால், நிகழாமையும் நிகழ்தலும் ஒரே தொடரில் மோதிக்கொள்ளும். இரு கரையிலும் வழங்க வேண்டிய சொல்லில் ‘நிகழ்’ என்னும் வேரைத் தவிர்ப்பதே நல்லது.

ஆகவே நேரடியாகக் காலத்தைச் சுட்டும் சொல்லைக் கொள்ளலாம் என்று முயன்றால், புணர்ச்சி குறுக்கே நிற்கிறது. உடன் என்பதோடு நேரம் சேர்ந்தால் ‘உடனேரம்’ ஆகி, ‘உடனே’ என்பதுதான் முதலில் கண்ணில் படும். தன் என்பதோடு காலம் சேர்ந்தால் ‘தற்காலம்’. அது நம் காலத்தையே குறித்துவிடும். தன் என்பதோடு நேரம் சேர்ந்தால் ‘தன்னேரம்’ ஆகி, தன்னேரில்லாத் தமிழை நினைவூட்டும். ஒரு என்பதோடு சேர்த்தால் ஒருவேளை, ஒருகால் இரண்டும் ஐயப்பொருள் தருபவை. ஒருபொழுது நோன்புக்குப் போய்விட்டது. இவ்வளவு வாயில்களும் மூடியிருப்பதைக் கண்ட பிறகு, மக்கள் இக்கருத்தை இயல்பாக எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்ப்பதே வழி என்று தோன்றியது. ‘எல்லாரும் ஒரே நேரத்தில் வர வேண்டும்’ என்கிறோம். ‘அவரவர் நேரத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறோம். சொல் அங்கேயே இருக்கிறது.

என் முன்மொழிவு: சிங்க்ரனஸ் கற்றலுக்கு ஒரேநேரக் கற்றல், அசிங்க்ரனஸ் கற்றலுக்கு அவரவர்நேரக் கற்றல். இரண்டிலும் எதிர்மறை இல்லை. ஒரேநேர வகுப்பு, ஒரேநேரத் தேர்வு, அவரவர்நேர உரையாடல், அவரவர்நேரப் பணி எனச் செயலுக்குச் செயல் அடையாக வருகிறது. ‘இவ்வாரம் ஒரேநேர அமர்வு ஒன்றும் அவரவர்நேரப் பணிகள் இரண்டும் உண்டு’ என்னும் வாக்கியத்துக்கு அடிக்குறிப்பு தேவைப்படாது. ‘ஒரே’ என்பது பேச்சுச் சாயலுடையது, கலைச்சொல்லுக்குரிய மிடுக்கு அதில் இல்லை என்று சிலர் கருதக்கூடும். விளங்கும் சொல்லிலிருந்து மிடுக்கு தானே வந்து சேரும் என்பது என் நம்பிக்கை.

‘வர்ச்சுவல்’ என்பதற்கு வழங்கும் மெய்நிகர் பற்றியும் ஒரு சொல். நம் பட்டியலில் ‘மெய்நிகர் வகுப்பறை’ இடம்பெற்றுள்ளது. அங்கே ஆசிரியர் மெய், மாணவர் மெய், பாடமும் மெய். அது மெய்யைப் போன்றதொரு வகுப்பன்று, வகுப்பேதான். 1999-இல் சென்னை மாநாட்டில் அறிவிக்கப்பட்டு 2001-இல் தொடங்கிய நிறுவனம் ஆங்கிலப் பெயரில் ‘வர்ச்சுவல்’ என்பதைக் கொண்டிருந்தபோதும், தமிழில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்றே பெயர் பெற்றது; இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக அந்த ‘இணைய’ நிலைத்திருக்கிறது. அந்த முடிவு சரியானது. மெய்நிகரை உண்மைப் பொருளுக்குப் பதிலாக அதன் உருவகம் நிற்கும் இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வோம். தில்லி ஐஐடி ஒருங்கிணைக்கும் ‘வர்ச்சுவல் லேப்ஸ்’ திட்டத்திலேயே இரு வகை உண்டு: கணினி உருவகத்தில் செய்யும் சோதனை ஒன்று, எங்கோ உள்ள உண்மைக் கருவியை இணையம் வழியே இயக்கிச் செய்யும் சோதனை மற்றொன்று. முன்னது மெய்நிகர் ஆய்வகம். பின்னதில் கருவி மெய்யானது, கை மட்டுமே தொலைவில் இருக்கிறது. அதைத் தொலையியக்க ஆய்வகம் எனப் பிரித்துச் சொல்லலாம்.

அன்புடன்,
சென்னையிலிருந்து ஓர் உறுப்பினர்

மறுமொழி

அன்பின் ஐயா,

நிகழ்நிலை என்னும் எங்கள் வழக்கைக் கருத்திற் கொண்டமைக்கு நன்றி. ‘ஒரேநேர’ என்பதை எவ்விதத் தயக்கமுமின்றி ஏற்கிறேன். 2020-இல் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டிருந்தபோது, இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பின் ஊடாக நடைபெற்ற சூம் வகுப்புகளுக்கு மாணவரிடம் தரவுக் கட்டணம் அறவிடப்படாதிருந்தது. ஆயினும் கட்டணம் நீங்குவதால் மட்டும் நேரத் தடை நீங்கிவிடாது. ஒரு கைப்பேசியைச் சகோதரர் மூவர் பகிரும் வீட்டில், மூவருக்கும் ஒன்பது மணிக்கே வகுப்பு என்றால் இருவர் விடுபடுவர். இந்தச் சிக்கலை உங்கள் இணை வெளிப்படையாகவே காட்டுகிறது.

‘அவரவர்நேர’ என்பதிலேதான் எனக்கு இடர்ப்பாடு. ஒப்படையை அவரவர் நேரத்தில் செய்யலாம் என்று கற்கைநெறிக் கைந்நூலில் எழுதினால், இறுதித் திகதி இல்லை என்றே மாணவர் விளங்கிக்கொள்வர். அது ‘செல்ஃப் பேஸ்ட்’ (மாணவர் தம் வேகத்தில் கற்பது) என்பதற்கான விளக்கமாகிவிடும். நீங்களே எடுத்துக்காட்டிய வாராந்த ஒப்படைகளுக்கு இந்தச் சொல் தவறான நம்பிக்கையைத் தந்துவிடாதா?

மற்றொன்று: சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிரையன் பீட்டி உருவாக்கிய ‘ஹைஃப்ளெக்ஸ்’ முறையில், ஒரே பாடத்தைச் சிலர் வகுப்பறையில் இருந்தும், சிலர் அதே வேளையில் நிகழ்நிலையிலும், சிலர் பின்னரும் கற்கலாம், எந்த வழியென்பதை மாணவரே ஒவ்வொரு முறையும் தெரிவுசெய்யலாம். இங்கே ‘ஒரேநேர’ என்பது வகுப்பறையில் இருப்பவரையும் வெளியே இருப்பவரையும் வேறுபடுத்தவில்லையே?

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு விரிவுரையாளர்

மறுமொழி

மதிப்பிற்குரிய அம்மா,

கெடுவைப் பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது. அதைச் சொல்லுக்குள் திணிக்காமல் பக்கத்தில் வைத்துத் தீர்க்கலாம் என்று கருதுகிறேன். எப்போது செய்வது என்பதும், எதற்குள் முடிப்பது என்பதும் இரு வேறு செய்திகள். வாராந்த ஒப்படை, பொதுக்கெடு உடைய அவரவர்நேரப் பணி. நீங்கள் இறுதித் திகதி என்பதையும் நாங்கள் கடைசி நாள் என்பதையும் ‘கெடு’ என்னும் ஈரெழுத்துச் சொல் இரு பக்கத்துக்கும் பொதுவாகச் சொல்லிவிடுகிறது. பொதுக்கெடு இல்லாமல், பாடத்தின் வேகத்தையும் மாணவரே வகுத்துக்கொள்ளும் முறைக்குத் தன்வேகக் கற்றல் என்று தனிப்பதிவு இடுவோம். தன்வேகக் கற்றல் பெரும்பாலும் அவரவர்நேரக் கற்றலாகவே இருக்கும். அவரவர்நேரக் கற்றல் எல்லாம் தன்வேகக் கற்றல் ஆகாது என்று அப்பதிவிலேயே குறித்துவிடலாம்.

ஹைஃப்ளெக்ஸ் குறித்து: வகுப்பறையில் இருப்பவருக்கும் நிகழ்நிலையில் இருப்பவருக்கும் நேரம் ஒன்றே, இடம்தான் வேறு. நேரத்தைச் சொல்லும் சொல் இடத்தையும் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வகுப்பறை ஒரேநேரம், இணையவழி ஒரேநேரம், இணையவழி அவரவர்நேரம் என மூன்றையும் இடமும் நேரமும் சேர்த்துக் குறிக்கலாம். உங்கள் பதிப்பில் இணையவழி என்னும் இடத்தில் நிகழ்நிலை வரட்டும். அம்முறைக்கு உயிரே மாணவரின் தெரிவு என்பதால் ‘மாணவர்தெரிவுக் கற்றல்’ என்று முன்மொழிகிறேன்.

பட்டியலில் இடம்பெற வேண்டிய வரையறைகளின் வரைவு இது. ஒரேநேரக் கற்றல்: ஆசிரியரும் மாணவரும், அல்லது மாணவர் பலரும், குறித்த ஒரே நேரத்தில் பங்கேற்றாக வேண்டிய கற்றல் செயல், இடம் ஒன்றாகவோ வேறாகவோ இருக்கலாம். அவரவர்நேரக் கற்றல்: பங்கேற்போர் தத்தமக்கு இயன்ற வேளையில் செய்யக்கூடிய கற்றல் செயல், பொதுக்கெடு இருக்கவும் கூடும், பிறரோடு கலந்துரையாடல் இருக்கவும் கூடும். இரண்டு அடைகளும் பாடத்துக்கன்றிச் செயலுக்கே உரியவை.

ஆய்வகச் சொற்களை வேறொரு இழையில் எடுத்துக்கொள்வோம். இயற்பியல், வேதியியல் ஆசிரியர்கள் அங்கே எழுதினால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
சென்னையிலிருந்து