தரைக்கு ஐங்கோண டைல்ஸ் ஏன் கிடைப்பதில்லை? போட வழி உண்டா?

திண்ணைக்காரன்:
வணக்கம். வீட்டு முன்னால் போர்டிகோ தரையை உடைத்துவிட்டுப் புதிதாகப் போடுகிறோம், 10-க்கு 12 அடி. எல்லார் வீட்டிலும் பார்க்கும் சதுர டைல்ஸ் வேண்டாம், அறுகோணமும் இப்போது எல்லா காபி கடையிலும் வந்துவிட்டது, அதனால் ஐங்கோணம் கேட்டேன். போன கடையில் எல்லாம் அப்படி ஒன்று வருவதே இல்லை என்கிறார்கள். கொத்தனார் "ஐந்து மூலைக் கல் தரையில் உட்காராது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார், ஏன் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் உறுதியாகச் சொல்கிறார். செம்பருத்தியில் ஐந்து இதழ், வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்து மூலை, ஃபுட்பாலில் கறுப்பு ஐங்கோணம். இத்தனை இடத்தில் இருக்கும் வடிவம் தரைக்கு மட்டும் ஏன் ஆகாது? காரணமும் வேண்டும், வழி இருந்தால் வழியும் வேண்டும்.

கோணமானி:
உங்கள் கொத்தனார் சொன்னது பாதி சரி. ஐந்து பக்கமும் ஐந்து கோணமும் சமமாக இருக்கும் ஐங்கோணத்தைத்தான் அவர் மனதில் வைத்திருக்கிறார், அது உட்காராது. அதன் ஒவ்வொரு மூலையும் 108 பாகை. ஒரு புள்ளியைச் சுற்றி மூன்று கற்களை வைத்தால் 324 ஆகிறது, 360-க்கு 36 பாகை பாக்கி, நான்காவது கல்லுக்கு அங்கே இடம் இல்லை. சதுரம் நான்கு சேர்ந்தால் 360, அறுகோணம் மூன்று சேர்ந்தால் 360, சமபக்க முக்கோணம் ஆறு சேர்ந்தால் 360. எல்லாப் பக்கமும் எல்லாக் கோணமும் சமமான வடிவங்களில், தனியாக நின்று தரையை நிரப்பக்கூடியவை இந்த மூன்றுதான்.

பூவுக்கும் வெண்டைக்காய்க்கும் இந்தச் சிக்கல் கிடையாது, அங்கே ஒரே ஒரு மையம், பக்கத்துப் பூவோடு ஒட்டி நிற்க வேண்டியதில்லை. ஃபுட்பால் இன்னும் அழகான கதை. 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் ஆடிய டெல்ஸ்டார் பந்தில் 12 ஐங்கோணம், 20 அறுகோணம். ஒவ்வொரு முனையிலும் ஓர் ஐங்கோணமும் இரண்டு அறுகோணமும் சந்திக்கின்றன: 108, 120, 120, மொத்தம் 348. குறைகிற அந்த 12 பாகையை இழுத்துத் தைப்பதால்தான் தோல் தட்டையாக நிற்காமல் வளைந்து பந்தாகிறது. தரையில் குறையாக இருப்பது பந்தில் உருண்டையைக் கொடுக்கிறது.

ஆனால் சம கோணம் வேண்டும் என்ற நிபந்தனையை விட்டுவிட்டால் கதவு திறக்கிறது. எகிப்தில் கெய்ரோ நகரத்து நடைபாதைகளில் ஐங்கோணக் கல்லே போட்டிருக்கிறார்கள், கணிதக்காரர்கள் அந்த அமைப்புக்குக் கெய்ரோ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் ஒரு வகையில் கோணங்கள் வரிசையாக 120, 120, 90, 120, 90. நான்கு பக்கம் சமம், ஐந்தாவது கொஞ்சம் குட்டை: நான்கும் 20 செ.மீ. என்றால் ஐந்தாவது சுமார் 14.6 செ.மீ. 120 பாகை மூலைகள் மூன்று மூன்றாகவும் 90 பாகை மூலைகள் நான்கு நான்காகவும் சேர்ந்துகொள்ளும். ஓர் இடத்திலும் ஓட்டை விழாது.

இதில் என்னை மிகவும் ஈர்த்தவர் மார்ஜரி ரைஸ். அமெரிக்காவில் ஒரு குடும்பத் தலைவி, கணிதம் படித்தது பள்ளிக்கூடத்தோடு சரி. 1975-ல் மகனுக்கு வந்த ஓர் அறிவியல் பத்திரிகையில் தரையை நிரப்பும் ஐங்கோணங்கள் பற்றிப் படித்துவிட்டு, தனக்கென்று ஒரு குறியீட்டு முறையையே உருவாக்கி, அதுவரை யாருக்கும் தெரியாத நான்கு வகைகளைக் கண்டுபிடித்தார். பிறகு 2015-ல் கிடைத்தது பதினைந்தாவது. குவி ஐங்கோணங்களில், அதாவது எந்த மூலையும் உள்ளே மடங்காதவற்றில், இந்த 15-க்கு மேல் வகை இல்லை என்று 2017-ல் மிக்கேல் ராவ் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் கணினியின் துணையோடு நிறுவினார்.

சரி, உங்கள் தரைக்கு என் யோசனை: அறுகோண டைல்ஸ் வாங்குங்கள், நடுப்புள்ளியிலிருந்து ஒன்றுவிட்டு ஒரு பக்கத்தின் மையத்துக்குக் கோடு போடுங்கள், மூன்று கோடு. அறுகோணம் மூன்று ஐங்கோணமாகப் பிரியும். பக்கம் 12 செ.மீ. அறுகோணம் என்றால் உங்கள் 120 சதுர அடிக்குச் சுமார் 300 போதும்.

கோலப்பொடி:
கோணமானி சார் சொன்னதைக் கோலம் போடுகிறவர்கள் கையால் அறிவார்கள். நேர்ப்புள்ளி வைத்தால் சதுரம் வரும், நான்கு இதழ், எட்டு இதழ் எல்லாம் சுலபமாக அமையும். ஊடுபுள்ளி வைத்தால் ஆறு வரும். 15 புள்ளி 8 வரை ஊடுபுள்ளி என்றால் நடுவில் 15, இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8-ல் நிற்கும், சுற்றி வந்து எண்ணிப் பாருங்கள், ஆறு பக்கத்திலும் எட்டு எட்டுப் புள்ளி இருக்கும். ஐந்து முனை நட்சத்திரம் இந்த இரண்டு புள்ளி வரிசையிலும் ஒழுங்காக வராது. வேண்டும் என்றால் புள்ளி வரிசையை விட்டுவிட்டு நடுவிலிருந்து ஐந்து கை இழுத்து, கையோரமாகப் புள்ளி வைக்க வேண்டும், அப்படிப் போட்டதைப் பக்கத்தில் இன்னொன்றோடு இணைத்து வாசல் முழுக்க நீட்ட முடியாது. கோலத்தின் இந்த இலக்கணத்தைச் சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1970-களிலேயே கணினி அறிவியலுக்குள் கொண்டுபோனார்கள், நம் ஊர்ப் பெண்கள் அதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆத்தங்குடிக் கல்லையும் பாருங்கள். கண்ணாடிமேல் அச்சு வைத்துச் சாயக் கலவையை ஊற்றிச் செய்வது, என்ன பூ வேண்டுமானாலும் வார்க்கலாம். இருந்தும் கல் சதுரம் என்பதால் மூலைக்கு மூலை கால் பூ வைத்து, நான்கு கல் கூடும் இடத்தில் முழுப் பூ விரிய வைப்பார்கள். அந்தப் பூவுக்கு நான்கு அல்லது எட்டு இதழ்தான் வசதி.

இஸ்ஃபஹான் பிரியன்:
ஐந்தைத் தரையிலும் சுவரிலும் ஆண்டவர்கள் பாரசீகக் கைவினைஞர்கள். 36 பாகை பாக்கி என்று சொன்னீர்களே, அவர்கள் அந்த இடைவெளியை ஒதுக்காமல் அதற்கென்று துணை வடிவங்களைச் செய்தார்கள்: பத்துக்கோணம், ஐங்கோணம், நீண்ட அறுகோணம், இடுப்பு ஒடுங்கிய ஒரு வடிவம், சாய்சதுரம். ஐந்துக்கும் பக்க நீளம் ஒன்றே, கோணங்கள் எல்லாம் 36-இன் மடங்கு, அதனால் எதை எதோடு சேர்த்தாலும் பொருந்துகிறது. இஸ்ஃபஹானில் 1453-ல் கட்டிய தர்பே இமாம் வளாகத்தின் ஓட்டு வேலைப்பாட்டைப் பீட்டர் லூவும் பால் ஸ்டைன்ஹார்ட்டும் ஆராய்ந்து 2007-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள், 1970-களில் பிரிட்டிஷ் கணிதவியலாளர் ரோஜர் பென்ரோஸ் கண்ட ஒருபோதும் அதே ஒழுங்கில் திரும்ப வராத அமைப்புக்கு மிக அருகில் அது போயிருக்கிறது என்று. 500 வருடத்துக்கு முன்னால்! பென்ரோஸ் தரையை நேரில் பார்க்க விரும்பினால் ஆக்ஸ்ஃபோர்டில் கணிதத் துறைக் கட்டடத்தின் வாசலில் இரண்டே வகைச் சாய்சதுரக் கல்லால் போட்டிருக்கிறார்கள்.

ரசமட்டம்:
நான் டைல்ஸ் ஒட்டும் வேலை செய்கிறவன், அதனால் வேலைக்கு ஆகிறதைச் சொல்கிறேன். கோணமானி அண்ணன் சொன்ன மூன்று வெட்டு பேப்பரில் நன்றாக இருக்கும், கல்லில் கஷ்டம். வெட்டு டைலின் நடுவில் வந்து நிற்க வேண்டும், பிளேடு வட்டமாக இருப்பதால் அடியில் நடுவரைக்கும் வெட்டுவதற்குள் மேல்பக்கம் தாண்டிப் போயிருக்கும். டைலைக் குப்புற வைத்து வெட்டினால் அந்தக் கூடுதல் கீறல் பின்பக்கம் விழும், முகம் தப்பிக்கும். ஆனாலும் 300 டைலுக்கு 900 வெட்டு, நடுவில் உடைகிறது எத்தனையோ, கூலி எகிறிவிடும்.

உங்களுக்கு நேர்வெட்டு மட்டுமே உள்ள ஐங்கோணம் போதும், சின்னப் பிள்ளைகள் வரையும் வீடு மாதிரி. கல் கடையில் கடப்பா அல்லது கோட்டா கல்லை 8-க்கு 12 இஞ்ச் துண்டாக வெட்டித் தரச் சொல்லுங்கள், ஒரு முனையில் இரண்டு மூலையையும் 4 இஞ்ச் அளந்து சாய்வாக எடுத்துவிட்டால் கூரை வந்துவிடும், உச்சி 90 பாகை. ஒரு வரிசை கூரை மேலே பார்த்து, அடுத்த வரிசை தலைகீழாக, ஒரு கூரை எதிரில் இருக்கும் இரண்டு கூரைக்கு நடுவே போய் உட்காரும். 120 சதுர அடிக்கு 216 துண்டு, ஓர வெட்டுக்கும் உடைசலுக்கும் சேர்த்து 240 வாங்குங்கள். கல்லில் ஆறில் ஒரு பங்கு சேதாரம் போகும், அந்த முக்கோணத் துண்டுகளை ஓரப் பட்டிக்குப் பயன்படுத்தலாம். பாலிஷ் மட்டும் வேண்டாம், போர்டிகோவில் மழைத் தண்ணீர் தெறித்தால் வழுக்கும்.

திண்ணைக்காரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவே இல்லை. வீடு வடிவம்தான், கடப்பாக் கறுப்பு ஒரு வரிசை, கோட்டாப் பச்சை ஒரு வரிசை. ரசமட்டம் அண்ணா, ஒட்ட ஆரம்பிப்பது வாசப்படி பக்கமிருந்தா, நடுவிலிருந்தா?

ரசமட்டம்:
நடுவிலிருந்து. குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டி, அடிப்பாகமும் அடிப்பாகமும் ஒட்டி நிற்கும் கோட்டை நடு நூலில் வையுங்கள், இந்த அமைப்பில் நேராக ஓடும் ஜாயின்ட் அது ஒன்றுதான், மட்டம் பார்க்க அதுதான் பிடி. கூரைப் பக்கம் வளைந்து வளைந்து போவதால் பிசகு உடனே கண்ணுக்குத் தெரியாது, கல்லுக்கு ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் பத்தாவது கல்லில் ஒரு சென்டிமீட்டர் ஆகிவிடும். கலவை போடுவதற்கு முன்னால் இரண்டு வரிசையை வெறும் தரையில் அடுக்கிப் பார்த்து, கொத்தனாரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஸ்பேசர் 3 மில்லிமீட்டர் வையுங்கள், கையால் வெட்டிய கல்லுக்கு அதற்குக் குறைந்தால் இடிக்கும்.