சைப்ரஸில் கிராமத்து நாட்களும் கடற்கரை நாட்களும்: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

பர்மிங்ஹாமிலிருந்து, சொந்த ஊர் பொள்ளாச்சி

போன ஜூனில் குடும்பத்தோடு சைப்ரஸ் போய் வந்தோம். ஒன்பது இரவு. முதல் ஐந்து புரோத்தாரஸ் கடற்கரையில், கடைசி நான்கு மலைமேல் பெதூலாஸ் என்கிற கிராமத்தில். இன்னொரு தடவை போனால் இந்தக் கணக்கை அப்படியே மாற்றிப் போடுவேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கடற்கரையைக் குறை சொல்ல மாட்டேன். புரோத்தாரஸில் அத்திமர விரிகுடா என்று ஒன்று இருக்கிறது. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு குனிந்தால் கால் விரல் நகம் தெரியும். அலை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மெரினாவில் பிள்ளைகளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தபடியே நின்று பழகிய எனக்கு, அங்கே அவர்களை விட்டுவிட்டு உட்கார முடிந்ததே பெரிய நிம்மதி. ஆனால் அந்த ஐந்து நாளில் எங்களோடு நின்று நாலு வார்த்தை பேசிய உள்ளூர்க்காரர் யார் என்று பார்த்தால், வாடகைக் கார் சாவியைக் கொடுத்தவர் ஒருவர்தான். ஓட்டலில் சாப்பாடு வைத்தவர்கள் எல்லாருமே எங்கெங்கிருந்தோ பிழைக்க வந்த பிள்ளைகள்.

நடுவில் ஒருநாள் சுற்றுலா பஸ்ஸில் ஒமோதோஸ் என்கிற ஒயின் கிராமத்துக்குக் கூட்டிப் போனார்கள். கல் பாவிய சதுக்கம், மடாலயம், பழைய திராட்சை ஆலை எல்லாம் உண்டு. கொடுத்த நேரம் நாற்பது நிமிஷம். ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்து ஊசி நூலோடு ஏதோ செய்துகொண்டிருந்தார், என் மகள் பக்கத்தில் போய்க் குந்தினாள். அவர் துணியை அவள் மடியில் விரித்துக் காட்டத் தொடங்கியபோதே பஸ்காரர் ஹாரன் அடித்துவிட்டார். அந்தப் பாட்டி துணியை மடித்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

பிறகு பெதூலாஸ். கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே, மராத்தாசா பள்ளத்தாக்கின் தலைமாட்டில் இருக்கிறது. செர்ரிப் பழத்துக்குப் பேர் போன ஊர், நாங்கள் போனது செர்ரிக் காலம். வண்டி ஓட்டப் பயப்பட வேண்டாம். 1960 வரை பிரிட்டிஷ்காரன் ஆண்ட இடம் என்பதால் நம்மைப் போல இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள். வாடகைக் காருக்கு நம்பர் பிளேட் சிவப்பு நிறம். மலை வளைவில் அதைப் பார்த்ததும் ஊர்க்காரர்கள் ஒதுங்கி நின்று வழி விட்டார்கள்.

ஊருக்குள் பிரதான தேவதூதர் மிகாயேலுக்கு ஒரு சின்னக் கோயில். துரூதோஸ் மலையில் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் பத்து ஓவியக் கோயில்களில் ஒன்று. வெளியே பார்த்தால் தானியக் கொட்டகை என்றுதான் நினைப்பீர்கள். பனி வழுக்கி விழுவதற்காக ஓட்டுக்கூரையைச் செங்குத்தாகச் சரித்துக் கிட்டத்தட்டத் தரை வரை இறக்கியிருக்கிறார்கள். நாங்கள் போன மத்தியானம் பூட்டியிருந்தது. காப்பிக் கடையில் கேட்டதும் ஒரு பெரியவர் ஆடிக்கொண்டிருந்த தவ்லி என்கிற பகடைக் காய் ஆட்டத்தை அப்படியே விட்டு எழுந்தார். சாவி அவரிடம்தான். உள்ளங்கை நீளத்துக்கு இரும்புச் சாவி.

உள்ளே முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகப் பழக, சுவர் முழுக்க ஆட்கள் எழுந்து வருகிறார்கள். கருநீலமும் செங்காவியும். 1474-இல் வரைந்தது, வரைந்தவர் பெயர் மினாஸ், இந்தப் பள்ளத்தாக்குக்காரர். பெரியவர் டார்ச் அடித்துப் பெரிய பெரிய புனிதர்களையெல்லாம் வேகமாகக் கடந்து ஓரிடத்தில் வெளிச்சத்தை நிறுத்தினார். கோயிலைக் கட்டிய பூசாரி, அந்தக் கோயிலையே பொம்மை போலக் கையில் ஏந்தித் தேவதூதரிடம் நீட்டுகிறார். பின்னால் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். "இந்த ரெண்டு பிள்ளைங்களைப் பாருங்க. இவங்க எங்க ஊர்ப் பிள்ளைங்க" என்றார். ஐந்நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய பிள்ளைகள். பக்கத்து வீட்டுக் குழந்தைகளைச் சொல்வது போலத்தான் சொன்னார். என் இரண்டு மகள்களையும் ஓவியத்துக்குக் கீழே நிற்கச் சொல்லி, மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார்.

காசு கொடுத்தேன், வாங்கவில்லை. மாறாக எங்களைக் கடைக்குக் கூட்டிவந்து காப்பி சொன்னார். ப்ரீக்கி என்கிற சின்னச் செம்புக் கிண்ணத்தில் பொங்கப் பொங்கக் காய்ச்சித் தருகிறார்கள். மெத்ரியோ என்றால் மிதமான சர்க்கரை. அடியில் மண்டி நிற்கும், கடைசி மடக்கைக் குடிக்கக் கூடாது. அவர் பிள்ளைகள் நிக்கோசியாவில் வேலையில் இருக்கிறார்கள். குளிர்காலத்தில் விளக்கெரிகிற வீடுகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம் என்றார். நாம் அமைதி அமைதி என்று தேடிப் போகிறோமே, அந்த அமைதி எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் சும்மா நடந்து போகிறோம், ஒரு வீட்டு வாசலில் குடும்பமே மேசை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. கண் பட்டவுடன் "கோப்பியாஸ்தே!" என்று ஒரு குரல். வாங்க, வந்து உட்கார்ந்து சாப்பிடுங்க என்று அர்த்தம். நம் ஊரில் இலை முன்னால் உட்கார்ந்திருப்பவர் வழியில் போகிறவரைக் கூப்பிடுவாரே, அதேதான். முதல் இரண்டு நாளும் அதே வாசல் வழியாகத்தான் போனோம், அப்போது தலையை மட்டும் ஆட்டினார்கள். மூன்றாம் நாள்தான் கூப்பிட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன், ஒரே கிராமத்தில் மூன்று இரவாவது தங்குங்கள்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

மயிலாப்பூர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

மகன் லிமசோலில் வேலையாக இருக்கிறான். நானும் மனைவியும் நவம்பர் கடைசியில் போய் ஒரு மாதம் இருந்தோம். அதில் ஒரு வாரம் நீங்கள் சொன்ன அதே ஒமோதோஸில், ஒரு அம்மாள் வீட்டு மாடியறையில். இருவரும் சுத்த சைவம். போகும்போது பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் எல்லாம் கட்டிக்கொண்டு போனோம். பாதி அப்படியே திரும்பி வந்தது.

காரணம், நாங்கள் போனது அவர்களுடைய நோன்புக் காலம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாற்பது நாள், நவம்பர் 15 முதல் ஆர்த்தடாக்ஸ் சபையில் நோன்பு. இறைச்சி, முட்டை, பால், தயிர் எதுவும் கிடையாது. "நிஸ்திசிமா" என்று கேட்டால் நோன்புச் சாப்பாடு கொடுப்பார்கள். சைவர்கள் இந்த ஒரு வார்த்தையைக் கட்டாயம் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. கணவாய், ஆக்டோபஸ் போன்றவற்றை நோன்பில் சேர்த்துக்கொள்கிறார்கள். அதையும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவிட வேண்டும்.

லூவி என்று ஒன்று வைத்தார்கள். பார்த்தால் நம் காராமணி! கீரையோடு வேகவைத்து, ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் தாராளமாக ஊற்றியிருந்தது. தாளிப்பு இல்லாத சுண்டல் மாதிரி.

அதைவிட ஆச்சரியம் கொலொக்காசி. நம் சேப்பங்கிழங்கு குடும்பம்தான், ஆனால் ஒவ்வொன்றும் முழங்கை பருமன். தீவின் கிழக்கே சொத்திரா பக்கத்தில் விளைவது. அந்த அம்மாள் அதைக் கழுவவில்லை, ஈரத் துணிகூட வைக்கவில்லை. தோலைச் சீவிவிட்டு உலர்ந்த துணியால் துடைத்தார். பிறகு கத்தியைக் கிழங்கில் பாதி இறக்கி, ஒரு திருகு. 'டக்'கென்று ஒரு துண்டு உடைந்து விழுகிறது. மறுபடி இறக்கி மறுபடி திருகு. என் மனைவி கையிலிருந்து கத்தியை வாங்கி, நம் வழக்கப்படி வட்ட வட்டமாக நறுக்கப் போனாள். அம்மாள் பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நேராக அறுத்தால் கொழகொழவென்று ஆகிவிடுமாம். இவளோ, நாங்கள் தோலோடு வேகவைத்துத்தான் உரிப்போம் என்று கையாலேயே நடித்துக் காட்டினாள். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. முக்கால் மணி நேரம் அந்த அடுக்களையில் கிழங்கைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள், நான் வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

வழக்கமாகப் பன்றி இறைச்சி போட்டுச் செய்வார்களாம். எங்களுக்காகத் தக்காளி, வெங்காயம், செலரி மட்டும் போட்டு வைத்தார். மறுநாள் மனைவி மிளகாய்த்தூள் பிரட்டி ரோஸ்ட் செய்து கொடுத்தாள். அம்மாள் கண்ணில் நீர் வரச் சாப்பிட்டு, இன்னும் இரண்டு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டார்.

இலண்டன், சொந்த இடம் வலிகாமம் வடக்கு

நாங்கள் நிண்டது பிசூரியில. ஊர் மலையில, கீழ வளைகுடா. காலமை கடலுக்கு இறங்கிப் போய், வெயில் ஏற முதல் மேல வந்திடுவம். சத்தம் இல்லாத, வடிவான இடம்.

வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயசுக்கு மேல இருக்கும். அவவின்ர தங்கச்சி இலண்டனில பாமர்ஸ் கிரீனில இருக்கிறா, அதால கதை ஈசியாத் தொடங்கிட்டுது. போன அண்டைக்கே ஒரு குட்டித் தட்டில கிலிக்கோ கொண்டு வந்து வைச்சா. தோடம்பழத் தோலைச் சுருட்டிச் சீனிப்பாணியில போட்ட இனிப்பு, பக்கத்தில ஒரு கிளாஸ் குளிர்தண்ணி. நல்லாயிருக்கு எண்டு சொன்னதுக்கு, "எங்கட மோர்ஃபுத் தோடம்பழத்தில செய்திருந்தா நீங்கள் வேற மாதிரிச் சொல்லியிருப்பீங்கள்" எண்டா.

மோர்ஃபு இப்ப வடக்குப் பக்கம், துருக்கி ஆமி பிடிச்ச பகுதி. 1974 ஆவணியில உடுத்த உடுப்போட வெளிக்கிட்டவையாம். நான் சொன்னன், நாங்கள் 1990 இல வெளிக்கிட்டனாங்கள் எண்டு. அவ ஒண்டும் கேக்கேல்லை. கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டு இருந்தா.

2003 சித்திரையில வடக்கையும் தெற்கையும் பிரிக்கிற எல்லைக் கோட்டைத் திறந்து விட்ட கிழமையே போய்த் தன்ர வீட்டைப் பார்த்தவவாம். அங்க இருந்தது ஒரு துருக்கிச் சைப்ரஸ் குடும்பம், அவையும் பாஃபோஸ் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்தவை. அந்த வீட்டுப் பொம்பிளை உள்ளுக்குக் கூப்பிட்டுக் கோப்பி குடுத்து, வெளிக்கிடேக்க ஒரு பை நிறையத் தோடம்பழம் தந்தவவாம். இவ நட்ட மரத்தில காய்ச்சது. பழத்தைப் பேரப்பிள்ளையளுக்குக் குடுத்திட்டுத் தோலில கிலிக்கோ போட்டவவாம். ஆனா அந்தப் போத்திலைத் திறக்க மனம் வராமல் ஒரு வருசம் அலுமாரியில வைச்சிருந்தவவாம்.

எங்கட காணியில ஒரு அம்பலவி மாமரம் நிண்டது. அதைப் பற்றி அவவுக்குச் சொன்னன். நான் அதை என்ர பிள்ளையளுக்குக்கூட அவ்வளவு விபரமாச் சொன்னதில்லை.

இந்த விடயத்தில ஒண்டு. அங்க கோட்டுக்கு ரெண்டு பக்கமும் எல்லாருக்கும் ஒரு கதை இருக்கு. நீங்களாக் கிண்டிக் கேக்காதேங்கோ. அவையளாச் சொன்னா இருந்து கேளுங்கோ.

பெசன்ட் நகர்

நான் போனது ஆகஸ்ட் மாதம், அக்காமாஸ் முனையில் லாரா கடற்கரைக்கு. வெயில் கொடுமைதான். ஆனால் ஆமைக்காகப் போனேன், எனக்குப் பரவாயில்லை. கடைசிப் பகுதி மண் ரோடு, சாதாரண கார் திணறும்.

லாராவில் ஓட்டல் இல்லை, குடை நட அனுமதி இல்லை, இரவில் தங்கக் கூடாது. மணலில் குடை நட்டால் அடியில் முட்டை இருக்கலாம். பெருந்தலை ஆமையும் பேராமையும் அங்கே முட்டையிட வருகின்றன. 1978-இல் தொடங்கிய பாதுகாப்புத் திட்டம் இன்னும் நடக்கிறது. குழிகள் மேல் கம்பிக் கூண்டு கவிழ்த்திருக்கிறார்கள். நரி தோண்ட முடியாது, குஞ்சு மட்டும் கம்பி இடுக்கு வழியாக வெளியேறிவிடும்.

எங்கள் கடற்கரையில் நாங்கள் தை, மாசியில் இரவெல்லாம் நடந்து பங்குனி ஆமை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைப்போம். அங்கே வேலையிலிருந்த பெண்ணிடம் அதைச் சொன்னேன். உடனே அவள் கேட்ட முதல் கேள்வி: "அங்கே தெருவிளக்கை என்ன செய்கிறீர்கள்?" குஞ்சுகள் கடலை விட்டுவிட்டு வெளிச்சத்தைப் பார்த்துப் போகும் தொல்லை அவளுக்கும் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் மணலில் உட்கார்ந்து பேசினோம். சொகுசுக் கடற்கரைதான் வேண்டும் என்பவர்கள் லாட்சிப் படகுத்துறை பக்கம் தங்கிக்கொண்டு, லாராவை வெறுமனே பார்த்துவிட்டுத் திரும்புங்கள். அங்கே நம் வசதிக்காக எதுவும் மாறிவிடக் கூடாது.

மீண்டும் பர்மிங்ஹாம்

தோடம்பழக் கதையைப் படித்துவிட்டு நேற்று இரவு எதுவும் எழுத முடியவில்லை அக்கா. எழுதியதற்கு நன்றி.

மயிலாப்பூர் ஐயா, நீங்கள் சொன்ன நவம்பரையே இப்போது யோசிக்கிறேன். தனியாகச் சிலர் கேட்டதற்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். மலைக் கிராமங்களுக்குப் பஸ் மிகக் குறைவு, கார் இல்லாமல் கஷ்டம். சமவெளியில் ஜூலை, ஆகஸ்டில் 40 டிகிரி வரை போகும், சின்னக் குழந்தைகளோடு வேண்டாம். மூன்று முள் பிளக், பிரிட்டனில் உள்ளதுதான்.

பெதூலாஸ் போகிறவர்கள் கோயில் பூட்டியிருக்கிறது என்று திரும்பிவிடாதீர்கள். காப்பிக் கடையில் கேளுங்கள். அந்த இரண்டு பெண் பிள்ளைகளைக் காட்டச் சொல்லுங்கள், டார்ச் அவரே வைத்திருப்பார்.