நாய்க்கடிக்குப் பிறகு வந்த நாட்கள்

எங்கள் நாய் புஜ்ஜி நாலு கிலோ எடைதான். நடக்கக் கூட்டிப்போன இடத்தில் கயிறு இல்லாமல் வந்த ஒரு பெரிய நாய் அதன் முதுகைக் கவ்வி இரண்டு உதறு உதறியது. அரை நிமிடம்கூட இருக்காது. கையை நடுவில் விட்டு எப்படியோ பிடுங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் முதுகில் பொட்டு மாதிரி இரண்டு பல் தடம், அவ்வளவுதான். ரத்தம்கூடச் சரியாக வரவில்லை. வாலை ஆட்டியது, தண்ணீர் குடித்தது. சரி, தப்பித்துவிட்டது என்று துடைத்துப் படுக்கவைத்தேன். நான் செய்த தவறு அதுதான்.

ராத்திரி தடவிக் கொடுக்கும்போது முதுகுத் தோல் தனியாக வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. அடியில் நொறுநொறுவென்று ஏதோ காற்று அடைத்த மாதிரி இருந்தது. தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் முடியை மழித்ததும் விலா முழுக்கக் கருநீலம். கவ்வி உதறும்போது தோல் பல்லோடு இழுபட்டு, அடியில் இருக்கும் தசையை விட்டே பிரிந்துவிடுமாம். வெளியில் தெரிவது சின்ன ஓட்டை. உள்ளே ஒரு பையே உண்டாகிவிடுகிறது. நாயின் வாயில் இருந்த கிருமி அந்தப் பைக்குள் அடைபட்டுச் சீழ் பிடிக்கும். அதனால்தான் காயத்தை முழுக்கத் தைத்து மூடாமல், நீர் வடிவதற்கு ஒரு மெல்லிய ரப்பர் குழாயை வைத்தார். உள்காயம் தெரியவே இரண்டு மூன்று நாள் ஆகலாம், ஈறு வெளுத்தாலோ மூச்சு வேகமானாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள் என்றார்.

அவர் முதலில் பார்த்தது என் கையைத்தான். புறங்கையில் கீறல் இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் சொன்னார். அன்றைக்கே ரேபிஸ் ஊசியும் போட்டுக்கொண்டேன். பிள்ளை அடிபட்டுக் கிடக்கும்போது நம் கை நினைவுக்கு வராது. தயவுசெய்து பாருங்கள்.

காயம் ஆறியது. ஆனால் வெளியே போகக் கழுத்துப் பட்டையைக் கையில் எடுத்தாலே புஜ்ஜி கட்டிலுக்கு அடியில் போய்விடும். எனக்கும் தூரத்தில் நாய் குரைத்தால் வயிறு கலங்கும். முதல் வாரம் வாசல்படியில் சும்மா உட்கார்ந்திருந்தோம். அப்புறம் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் பத்து அடி. தூரத்தில் ஒரு நாய் தெரிந்தால், அது பக்கத்தில் வருவதற்கு முன்பே பிடித்த தின்பண்டம் கொடுத்துத் திரும்பிவிடுவோம். மெதுவாகத்தான் சரியாகிறது. அன்றைக்கு நான் கயிற்றை இழுத்துப் பிடித்ததால்தான் புஜ்ஜி ஓட முடியாமல் போனதோ என்ற எண்ணம் மட்டும் போகவில்லை.

*

அக்கா, புஜ்ஜியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்கள் முயலின் மேல் ஒரு பல்கூடப் படவில்லை. ஒரு நாய் வந்து கூண்டைப் பிறாண்டியது, குரைத்தது, துரத்திவிட்டோம். காயம் இல்லையே என்று நிம்மதியாக இருந்தேன். அது மூலையில் ஒடுங்கி உட்கார்ந்ததைப் பயம் என்றுதான் நினைத்தேன். புல்லைத் தொடவில்லை, புழுக்கையும் போடவில்லை. பயத்திலேயே முயலுக்குக் குடல் ஓட்டம் நின்றுவிடும் என்பதும், அரை நாள் சாப்பிடாமல் இருந்தாலே அவசரம் என்பதும் எனக்குத் தெரியாது. மறுநாள் சாயங்காலம் போய்விட்டது.

கூடவே வளர்ந்த இன்னொன்று இருந்தது. உடனே எடுத்துப் புதைக்காதீர்கள், அது பார்க்கட்டும் என்று டாக்டர் சொன்னார். உடலைப் பக்கத்தில் கிடத்தினோம். மோந்து பார்த்தது, காதை நக்கியது, ஒட்டிக்கொண்டு வெகுநேரம் படுத்திருந்தது. பிறகு தானாக எழுந்து தள்ளிப் போனது. அதன் பிறகுதான் புல்லைக் கடித்தது. நான் இன்னும் கை மறந்து இரண்டு குவியலாகப் புல் வைக்கிறேன். கூண்டை வெளியில் வைத்தது நான்தான். இதை எப்படிக் கடந்தீர்கள்?

*

எங்கள் பூனைக்குக் கடித்த இடம் மூடிவிட்டது, நாலாம் நாள் எலுமிச்சை அளவுக்கு வீங்கிச் சீழ் கட்டியது. மேலே ஆறியதை நம்பாதீர்கள். இன்னொன்று: வலியில் கத்துகிறதே என்று வீட்டில் பாராசிட்டமால் கொடுக்கப் போனார்கள், நல்லவேளை தடுத்துவிட்டேன். பூனைக்கு அது விஷம். நம் வலி மாத்திரை எதையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

*

முயல் வளர்த்தவருக்கு: நான் கடக்கவில்லை. கூண்டை வெளியில் வைத்தபோது காற்றும் வெயிலும் கிடைக்கட்டும் என்றுதானே வைத்தீர்கள்? நானும் புஜ்ஜி பாதுகாப்பாக இருக்கட்டும் என்றுதான் கயிறு கட்டினேன். இதை எனக்குச் சொல்லிக்கொள்ள முடியவில்லை, உங்களுக்கு எழுதும்போது சொல்ல முடிகிறது. புஜ்ஜியின் முதுகில் முடி மறுபடி வளர்ந்துவிட்டது. அந்த இரண்டு பொட்டு இடத்தில் மட்டும் வெள்ளையாக. சீவும்போது என் கை அங்கே தானாக மெதுவாகிவிடும்.