வலிப்பு: எம்.ஆர்.ஐ. ‘நார்மல்’ என்று வந்த பிறகும் மறுபடி எடுக்கச் சொல்வது ஏன்?

கேள்வி:
என் அக்கா மகனுக்கு வயது 22. பதினோரு வயதிலிருந்து வலிப்பு உண்டு. திடீரென்று பேச்சு நின்று, பார்வை நிலைகுத்தி, வாயை மென்றபடி சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருப்பான். இரண்டு நிமிடத்தில் தெளிந்துவிடுவான், ஆனால் நடந்தது எதுவும் நினைவிருக்காது. கார்பமசெபைன், லெவெடிராசெட்டம் இரண்டையும் வேளை தவறாமல் கொடுத்தும் மாதம் மூன்று முறையாவது வருகிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் குறை எதுவும் இல்லை என்றார்கள். இப்போது பார்க்கும் நரம்பியல் மருத்துவர் ‘எபிலெப்சி புரோட்டோகால், 3 டெஸ்லா’ என்று சீட்டில் எழுதித் தந்திருக்கிறார். எடுத்ததையே மறுபடி எடுப்பது வீண்செலவு என்பது அத்தானின் வாதம். விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:
ஸ்கேன் மையத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அது எடுத்ததையே எடுப்பதாகாது. ‘எபிலெப்சி புரோட்டோகால்’ என்பது வலிப்புக்கென்றே வகுத்த ஸ்கேன் முறை, ‘3 டெஸ்லா’ என்பது காந்தத்தின் வலிமை. வழக்கமான மூளை ஸ்கேனில் ஏறத்தாழ 5 மி.மீ. தடிமனுள்ள துண்டுகளாக, நடுவில் சிறிது இடைவெளி விட்டு எடுப்போம். கட்டியோ இரத்தக்கசிவோ இருந்தால் பெரும்பாலும் அதில் தெரிந்துவிடும். நீங்கள் விவரிக்கும் வலிப்போ நெற்றிப்பொட்டை ஒட்டிய மூளைப் பகுதியான பொட்டு மடலின் உட்புறத்தில், ஹிப்போகாம்பஸ் என்ற இடத்தில் தொடங்குவதைப் போலிருக்கிறது. சுண்டுவிரல் பருமனே உள்ள அந்தப் பகுதி ஒரு பக்கம் மட்டும் சுருங்கித் தழும்பேறியிருந்தால், 1 மி.மீ. துண்டுகளை இடைவெளியின்றி எடுத்து, ஹிப்போகாம்பஸுக்குக் குறுக்காகவும் வெட்டிப் பார்த்து, இரு பக்கத்தையும் ஒப்பிட்டால்தான் பிடிபடும். உலக வலிப்பு எதிர்ப்புக் கழகத்தின் பணிக்குழு 2019இல் பரிந்துரைத்த முறையும் இதுவே. சீட்டில் வலிப்பின் விவரத்தையும் இ.இ.ஜி. (மூளையின் மின்னலைப் பதிவு) எந்தப் பக்கத்தைக் காட்டுகிறது என்பதையும் எழுதி வாங்குங்கள். எங்கே உற்றுப் பார்ப்பது என்று தெரியாமல் அறிக்கை எழுதுவோர் பாடு திண்டாட்டம்தான்.

பதில் 2:
மேலே சொன்னதோடு ஒன்று. வலிப்பு நோயா இல்லையா என்பதைப் படம் தீர்மானிப்பதில்லை. கண்ணால் கண்டவர் சொல்லும் விவரம்தான் தீர்மானிக்கிறது. அடுத்த முறை வரும்போது கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். படம் சொல்வது காரணத்தை. என் மகளுக்கு மூளையில் நாடாப்புழு முட்டையால் வந்த ஒற்றைக் கட்டி, 20 மி.மீ.க்கும் குறைவு. மறு ஸ்கேனில் அது சுவடின்றிக் கரைந்திருந்ததால் மாத்திரையை நிறுத்தினார்கள். சுண்ணாம்பாக இறுகி நின்றிருந்தால் மேலும் நாள் தொடர்ந்திருப்பார்கள்.

பதில் 3:
பொருத்தமான இரண்டு மருந்துகளுக்கும் அடங்காவிட்டால் அறுவைசிகிச்சைக்கு ஏற்றவரா என்று பார்ப்பது வழக்கம். மருத்துவர் அதை மனத்தில் வைத்தே எழுதியிருக்கலாம். 2001இல் வெளியான கனடா ஆய்வில், பொட்டு மடல் வலிப்புக்காரர் 80 பேரை இரு பிரிவாக்கிப் பார்த்தபோது, நினைவு தப்பும் வலிப்பு ஓராண்டு வராதிருந்தோர் அறுவைப் பிரிவில் 58 சதவீதம், மருந்துப் பிரிவில் 8 சதவீதம். புதிய எம்.ஆர்.ஐ.யிலும் ஒன்றும் தெரியாவிட்டால் பெட் ஸ்கேன் உண்டு. வலிப்பில்லாத நேரத்தில் குளுக்கோஸைக் குறைவாக எடுக்கும் பகுதியை அது காட்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் 1995 முதல் இந்த அறுவைசிகிச்சை நடக்கிறது.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. பழைய சி.டி.யைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்தேன். படத்தின் ஓரத்தில் துண்டின் தடிமன் 5 மி.மீ. என்றே இருக்கிறது. அத்தானிடம் அதைக் காட்டினேன். திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறார்.